ஊமச்சிக் கண்மாய்க்கு ஒரு டெராபைட்

இரவு இரண்டு பத்துக்கு நின்றுபோனது.
மேலூருக்குக் கிழக்கே ஊமச்சிக் கண்மாய்,
கரையைச் சுற்றி எட்டு மைக்,
முதல் மழை வாங்கிய தவளைகள்
எட்டுத் தடத்திலும் உச்சத்தில்.
கணினியோ கைக்கடக்கமானது,
மஞ்சப்பையில் போட்டாலும் தெரியாது.
'வட்டு மெதுவாக இருக்கிறது'
என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டுப்
படுத்துக்கொண்டது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.
என் தவளைகள் கெட்டது
முந்நூற்றைம்பது ரூபாய் பென்டிரைவால்.
பிடுங்கினேன். சுட்டது,
எண்ணெயிலிருந்து எடுத்த வடை மாதிரி.

வயரைச் சுற்றிக்கொண்டே பால்ச்சாமி சொன்னான்:
"வரத்துக்கால் சின்னதுக்கா.
மழையக் கொற சொல்லி என்ன செய்ய."

தவளைகள் நிறுத்தவில்லை.
எங்களுக்காகப் பாடியிருந்தால்தானே
நிறுத்துவதற்கு.

மறுநாள் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி,
லாட்ஜுக்கு மேல் இரண்டாம் மாடி,
படியேறும்போதே கீழ்க்கடைச் சால்னா வாசம்.
ஃபர்ஹானா முதுகைத் திறந்தாள்.
பத்துத் திருகாணிகள், கிழித்த காலண்டர் தாளில்:
ராகுகாலத்தின் மேல் நான்கு,
எமகண்டத்தின் மேல் ஆறு.

"உள்ள இருக்கிறது அறுபத்துநாலுதான்.
பலகையோட ஒட்டினது, கழட்ட வராது.
இங்க பாருங்க."

பாட்டரிக்குப் பக்கத்தில்
நாலு சென்டிமீட்டர் காலி மனை.
மூன்று வருடமாக என் மடியிலேயே
கிடந்திருக்கிறது, பட்டா மாற்றாமல்.

நீளமான குச்சி மலிவு, நுழையாது.
குட்டை நுழையும், விலை நீளம்.
ஆறாயிரத்து எண்ணூறு.
நாலாயிரத்தை ஃபோனில் தட்டினேன்,
மிச்சத்தைத் தவளை ஆராய்ச்சிக்காரர்
தரும்போது தருகிறேன் என்றேன்.
"தவளைக்குக் கடன் குடுத்ததில்ல"
என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சூயிங்கம் பட்டை அளவு. ஒரு டெராபைட்.
சாய்த்துச் செருகி அமுக்கியபோது
அதைப் பிடிக்கும் ஒற்றைத் திருகாணி,
கடுகைவிடச் சற்றே பெரியது,
தவறியது.

மேசையில் இல்லை. தரையில் இல்லை.
காற்றாடியை அணைத்தாள்.
"மூச்சு விடாதீங்கக்கா."
வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது.
ஃபோன் வெளிச்சத்தில் நான்கு கண்களும்
ஒரு சதுரச் சாணைத் துழாவின.

இருந்தது.
ஸ்பீக்கரின் காந்தத்தில்
அமைதியாக ஒட்டிக்கொண்டிருந்தது.
ஹெட்ஃபோன் இல்லாமல் நான்
ஒருநாளும் நம்பிக் கேட்காத
அந்தத் தகரக் குரல் ஸ்பீக்கர்,
என் ஆறாயிரத்து எண்ணூறை
நாக்கு நுனியில் பிடித்துவைத்திருந்தது.

இரவு மறுபடியும் கரை.
எட்டு மைக், எட்டுத் தடம்.
மூலையில் எண் தெரிந்தது:
இன்னும் நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்
எழுதலாம்.
வரத்துக்கால் இப்போது வாய்க்கால் அல்ல, ஆறு.

தவளைகள் வாயைத் திறக்கவில்லை.
பகல் முழுக்க அடித்த வெயிலோ,
நேற்றே சொல்லி முடித்துவிட்டனவோ.
எட்டுக் கோடும் நேராக ஓடின,
புறவழிச் சாலை மாதிரி.

ஒன்று மட்டும் கவனித்தேன்.
சத்தமிருந்தாலும் இல்லாவிட்டாலும்
ஒரு மணி நேரத்துக்கு எட்டு ஜிபி.
மௌனம் என்று தள்ளுபடி கிடையாது.
இல்லாத குரலையும்
நொடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் முறை
எட்டிப் பார்த்து, 'இல்லை' 'இல்லை' என்று
முழு அக்கறையோடு எழுதியது
அந்தப் பட்டை.

இரண்டு பத்து வந்தது.
இரண்டு பதினொன்று.

ஐந்தாம் தடத்தில் மட்டும் ஏதோ எழும்பியது.
ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்தேன்.
கனத்த குரல், சீரான இடைவெளி,
அடித்தொண்டை.
இதுவரை பட்டியலில் இல்லாத இனமோ என்று
டார்ச்சை அடித்தால்

ஐந்தாம் மைக் அடியில்
துண்டை விரித்து
பால்ச்சாமி.

அழிக்கவில்லை.
இடம் இருக்கிறது.