பதினொரு கட்டில்

பேகூர் ரோட்டில் மூடிக்கிடக்கும் கார்மென்ட்ஸின் இரண்டாம் மாடி.
பதினொரு கட்டில், இருபத்திரண்டு செக்யூரிட்டிகள்.
பகல் ஷிப்ட் எழுந்த சூட்டிலேயே
இரவு ஷிப்ட் வந்து படுக்கிறது.
தலையணைகள் இரண்டு எண்ணெய்க்குப் பழகியிருக்கின்றன.

படிவம் இதை நிறுவனக் குடும்பம் என்கிறது.
குடும்பத் தலைவர் யார் என்று
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.
சிரித்தபடி
சோறு வெந்ததா என்று பார்ப்பவனைக் காட்டினார்கள்.

சூப்பர்வைசர் சித்தலிங்கப்பா நல்ல மனிதர்.
டீ சொல்லிவிட்டு,
"எல்லாம் அசாம் மேடம்,
அசாம்னு போட்டுட்டுக் கிளம்புங்க, வெயில் ஏறுது" என்றார்.
போட்டிருக்கலாம்.
இன்னும் நான்கு பி.ஜி., ஒரு நர்சிங் ஹாஸ்டல் பாக்கி,
வீட்டில் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு வேறு.

முதல் கட்டில், பகல் பாதி: ரிஜ்வன் நார்ஜாரி, போடோ.
அசாமி என்று எழுதாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னான்.
இரண்டாவது முறை கெஞ்சவில்லை.
இரவுப் பாதி: டிலாராம்.
பேச்சு நேபாளி, பிறந்தது தர்ரங்.
நான் வாயைத் திறக்குமுன் ஆதார் அட்டை நீண்டது.
எத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும்
அந்தக் கை அவ்வளவு வேகம் பழக.

ஏழாவதில் ஹேம்ப்ரம் இருவர்.
சாகிராம் தும்காவிலிருந்து.
பிர்சிங் சோனித்பூர் தேயிலைத் தோட்டத்திலிருந்து.
அண்ணன் தம்பி இருவரில் தம்பியை மட்டும்
என்றோ தோட்டத்துக்கு ரயிலேற்றினார்கள்,
அந்த இரண்டு கிளையும் இங்கே ஒரே கட்டிலில்.
தும்காவில் இவன் பழங்குடி.
தோட்டத்தில் அவன் இல்லை.
என் கையிலிருக்கும் கர்நாடகப் பட்டியலில்
சந்தால் என்ற சொல்லே கிடையாது.
கன்னட வரிசையில் ஒருமுறை,
ஆங்கிலத்தில் ஒருமுறை தேடினேன்.
சாகிராம் கேட்டான்:
"அது எங்கே என்னை விட்டு இறங்கியது மேடம்,
காட்பாடியிலா, ஜோலார்பேட்டையிலா?"
கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.

ஒன்பதாவது: ஹசினூர் அலி.
தாய்மொழி என்று முடிக்குமுன்
அசாமி என்றான்.
அப்போது போன் வந்தது.
சுவர்ப்பக்கம் திரும்பி
இன்னொரு மொழியில் குரலைத் தாழ்த்தினான்.

அந்தத் தாழ்ந்த குரல் எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றொன்று டிசம்பரில்
ஸ்ரீராமபுரத்தில் அப்பா கடைப்பலகையைக் கழற்றி
எழுத்து உள்ளே தெரிய
கட்டிலுக்கடியில் தள்ளினார்.
அடுத்த கணக்கெடுப்பில் வந்தவரிடம்
தாய்மொழி கன்னடம் என்றார்.
என்னைப் பார்த்து,
"சாருக்குத் தண்ணி கொண்டா கண்ணு" என்றார்.
அவர் நிமிராமல் எழுதிக்கொண்டார்.
தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அசாமி என்றே எழுதினேன்.
சொன்னதை எழுதுவதுதான் விதி.

பதினொன்றாவது கட்டில்காரன் துணி அலசிக்கொண்டிருந்தான்.
உன் கட்டிலின் மற்ற ஆள் யார்?
"பேர் புத்துரு. டூட்டிக்குப் போயிருக்கான்."
என்ன சாதி, என்ன பேச்சு?
"தெரியாது.
மூணு வருஷமா அவன் சூட்டில்தான் படுக்கிறேன்.
வாசல்ல பார்த்துக்குவோம்."
தூக்கத்தில்கூட எதுவும் உளறினதில்லையா?
"அவன் தூங்கும்போது நான்தான் டூட்டியில இருப்பேனே."

அடுக்ககம் பக்கத்துத் தெருதான். நடந்தே போனேன்.
கேட்டில் புத்துரு நோட்டை என் பக்கம் திருப்பினான்.
பெயர். எங்கிருந்து. எந்த பிளாட்.
டெலிவரியா, வேலைக்காரம்மாவா, விசிட்டரா?
எதுவுமில்லை என்றேன்.
இதர என்று டிக் அடித்தான்.
எந்த பிளாட் என்று மறுபடியும் கேட்டான்.
உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.
கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்திருந்தான்.
பிறகு 'கேட்' என்று எழுதினான்.

நான் என் படிவத்தை எடுத்தேன்.
பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது.
"ஒரு நிமிஷம்" என்று
தடுப்புக் கட்டையைத் தூக்க ஓடினான்.
அதற்குப் பின்னால் இன்னொரு கார்.
அதற்கும் பின்னால் பள்ளிப் பேருந்து.