நூன் தீர்ந்த பக்கம்

பிர்ஜந்து நகரத்து அச்சகம் ஒன்றில்
வினைச்சொல் பட்டியல் கோத்துக்கொண்டிருந்த குத்ரத்துக்கு
மதியத்துக்குள் நூன் எழுத்து தீர்ந்துபோனது.

தீராமல் என்ன செய்யும்?
பாரசீகத் தொழிற்பெயர் ஒவ்வொன்றும் 'தன்' என்றே முடியும்.
ரஃப்தன், போதல். தீதன், காணல்.
(வலித்து ஒரு தன், மெலிந்து ஒரு தன்.
நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள்.)
அந்தத் தன்னின் கடைசியில் ஒரு குட்டிக் கிண்ணம்,
மேலே ஒரு புள்ளி: நூன்.
ஒட்டி நிற்பதற்கு ஓர் அறை, தனித்து நிற்பதற்கு ஓர் அறை.
இரண்டும் காலி.
மஷ்ஹதிலிருந்து ஈயம் வர வியாழனாகும்.
இல்லாததை விட்டுவிட்டே கோத்தார்.

மெய்ப்புத் திருத்தும் மஹ்லகாவிடம் வந்தது
பக்கம் இருநூற்றுப் பதினான்கு.

நூன் உதிர்ந்தால் போதல் இல்லை.
மிஞ்சுவது ரஃப்த்:
யாரோ போயாயிற்று.
போன நானுக்கு அங்கே விகுதி உண்டு, போன நீக்கு உண்டு,
எதிரில் இல்லாத அந்த ஒருவருக்கு மட்டும்
ஒட்டுவதற்கு எதுவுமில்லை.
ஆணா பெண்ணா என்றும் அந்த மொழி கேட்பதில்லை.
தமிழ் கேட்கும். 'ஆர்' போட்டுத் தப்பிக்கிறேன்.

வந்தார். விழுந்தார். தூக்கிப்போனார்.
சமைத்தார். பயந்தார். வாங்கினார்.
பார்த்தார். சேர்ந்தார். போனார்.
எரிந்தார். கேட்டார்.
அழுதார், சொன்னார், தங்கினார், செத்தார்.
உட்கார்ந்தார்.
எழுதினார்.

அவர்களுடைய அகரவரிசைக்கு ஒரு குறையுமில்லை.
செத்த பிறகு உட்கார்ந்து எழுதியவரை நினைத்து
மஹ்லகா தேநீர் சிந்தச் சிரித்தாள்.

இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.
வந்தது, ஃபெர்தௌஸிலிருந்து, மணப்பெண்ணாக.
விழுந்தது குளியலறையில் என்று மருத்துவரிடம் சொன்னாள்.
சமைத்தது, பயந்தது, அதில் கணக்கில்லை.
வாங்கியது ஒரு பெட்டி,
விலைச்சீட்டு கிழிக்காமல் கட்டிலுக்கடியில் இருக்கிறது.
பார்த்தார் என்ற இடத்தில்
பென்சில் நின்றது.

பிறகு வேலையைச் செய்தாள்.
பதினேழு கிண்ணம், பதினேழு புள்ளி.
ஒவ்வொன்றாய் வைக்க வைக்க
ஆள் கரைந்து, காலம் கரைந்து,
தொழில் மட்டும் நின்றது, மேசையைப் போல ஒரு பெயர்ச்சொல்லாக,
யாருடையது என்று ஒட்டவும் வசதியாக:
ரஃப்தன்-ஏ-மஹ்லகா.
மஹ்லகாவின் போதல்.
ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். அழித்தாள்.
ரப்பர் துகளை ஊதிவிட்டு
எதிர்காலத்தையும் யோசித்தாள்:
காஹம் ரஃப்த், போவேன்.
அங்கேயும் நூன் கிடையாது.
வரப்போவதும், போய்விட்டதன் சட்டையைத்தான்
மாட்டிக்கொண்டு வருகிறது.

ஐந்து மணிக்கு குத்ரத் எழுத்துப் பெட்டிமேல் துணி போர்த்தினார்.
"மீரி?" போகிறாயா?
"மீரம்."

பட்டியலில் தேடினால் கிடைக்காத சொல்.
ரஃப்தனிலிருந்து அதில் எஞ்சியது
ஒரே ஒரு ர.