(படலை தட்டும் சத்தம்)

மாதர் சங்க ஆண்டு விழாவுக்குப்
பத்து நிமிசத்தில் ஒரு நாடகம் வேணும் என்றார்கள்.
கையெழுத்து வடிவு என்பதால்
என்னை எழுதச் சொன்னார்கள்.

மல்லாவி மில்லில் பில் எழுதுகிறவள் நான்.
இதுவரை எழுதினதெல்லாம்
மூட்டை, கிலோ, ஈரப்பதம், கழிவு.
முடிந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தொடங்கினேன்:
“செல்வமலருக்குப் பயமாக இருந்தது.
போன கிழமையும் கட்டவில்லையே என்று நினைத்தாள்.”

செல்வமலராக நடிக்கப்போகிற ஜெனிற்றா
வாசித்துவிட்டுக் கேட்டாள்:
“நினைக்கிறதை நான் எப்பிடியடி
சனத்துக்குக் காட்டுறது?”

அன்றிரவு
‘நினைத்தாள்’ எல்லாவற்றையும் வெட்டினேன்.
மூன்று பக்கத்தில் மிஞ்சினது
ஒரு கதிரை, ஒரு வாளி,
“தம்பி, வாற வியாழன் தாறன்.”

வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு நிமிர்த்தினேன்.
ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து அழவைத்தேன்.
அழுகை மலிவாய்க் கிடந்தது,
பிள்ளையை நித்திரைக்கு அனுப்பிவிட்டேன்.

லோன்காரனுக்கு மட்டும்
நல்ல உறுமல் வசனமாக எழுதியிருந்தேன்.
மனதுக்குள் மீசையும் வைத்திருந்தேன்.
ஆனால் மாதர் சங்கத்தில் ஆம்பிளைக்கு எங்கே போவது?
ஜெனிற்றாவின் தம்பி மாட்டேன் என்றான்.
மில் ட்ரைவர் சிரித்துக்கொண்டே லொறியை எடுத்தார்.
கடைசியாக வந்தது கஜீபன்,
வியாழன்தோறும் எங்கள் கிறவல் ரோட்டில்
சிவப்பு மோட்டச்சைக்கிளில்
உண்மையாகவே லோன் அறவிடுகிறவன்.
“நான் செய்யிறன் அக்கா. பழக்கம்தானே.”

வாசிக்க வாசிக்க அவனுக்குக் காது சிவந்தது.
“நாங்கள் இப்பிடிக் கத்தமாட்டம்.
கத்தக்கூடாதெண்டு ட்ரெயினிங்கில சொல்லித்தான் விடுறவை.”
“அப்ப என்னண்டு கேட்பீர்?”
பேனையை வாங்கினான்.
என் மீசைக்காரனை ஒரே கோட்டில் வெட்டினான்.
எழுதினான்:
“அக்கா, சாப்பிட்டாச்சே?
மூத்தவளுக்குச் சோதினை எப்ப?”

அதே கேள்வி. அதே ஒழுங்கு.
போன மாதம், என் படலையில்.

“ஆரும் வெளியில வராட்டி?”
“புகை பார்ப்பன் அக்கா.
குசினிக்குப் பின்னால புகை வந்தால்
ஆள் உள்ளுக்கு.”
சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான்.
இனி வியாழனில்
விடியமுதலே சமைத்து முடிக்கவேணும்
என்று நான் நினைத்ததை
ஒருத்தரும் காணவில்லை.

எழுதினேன்: (பின்னால் புகை.)
சாம்பிராணி போதும் என்றாள் பவளராணி.
சாம்பிராணி மணந்தால் கோயில் ஆகிவிடும், வேண்டாம்,
பொச்சு கொளுத்துவோம் என்றாள் ஜெனிற்றா.
அரைமணித்தியாலம் அதிலேயே போனது.

ஒத்திகை.
சனசமூக நிலையத்தில் கரண்ட் இல்லை,
இரண்டு போன் வெளிச்சம்.
கஜீபன் மேசையைத் தட்டுகிறான். அதுதான் படலை.
ஜெனிற்றா வாளியைக் கட்டிப்பிடித்தபடி
கதிரைக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள்.
“அக்கா.”
நான் எழுதியிருந்தது: (மௌனம்.)
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

“அக்கா, சாப்பிட்டாச்சே?”

பார்க்க வந்த பெண்கள் ஒன்பது பேர்.
கதை நின்றுவிட்டது.
ஒருத்தி தன் பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள்.
ஒன்பது பேரும் வீட்டில் இல்லை.

கஜீபன் இன்னொருக்கால் தட்டுகிறான், மெதுவாக.
பொச்சுப் புகை அவன் கண்ணுக்குள் போகிறது.
அடுத்த வசனம் அவனுக்கு இல்லை.
எந்தப் பக்கத்தால் வெளியேறவேணும் என்று
நான் எழுத மறந்திருந்தேன்.

“அக்கா,
நான் இப்ப போகலாமோ?”