போலும்

விமானம் ஓட்டியவள் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தாள்.
நவம்பர், செகெட் நகரம்.
திசா ஆற்றின் மூடுபனி
மருத்துவமனையின் இரண்டாம் மாடி ஜன்னல்வரை ஏறியிருந்தது.

நான் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.
முப்பத்தொரு வருடமாக வயிறு திறந்து மூடுபவன்.
"என் நோயாளிக்கு இறக்கை கிடையாது" என்றேன்.
சிரிக்க வேண்டியவர்கள் சிரித்தார்கள்.

ஹெகெடூஷ் வில்மா சிரிக்கவில்லை.
திரையில் ஒரு படம் போட்டாள்:
பீட்ரூட் வயலில் மூக்கு புதைந்த விமானம்,
சக்கரமெல்லாம் தழை.
யாரும் சாகவில்லை, ஒருவருக்குக் கணுக்கால் மட்டும்.
"வலது இருக்கையில் நான் இருந்தேன்.
ஓடுபாதை போதாது என்று எனக்குத் தெரிந்தது.
கேப்டனிடம் சொன்னேன்:
கொஞ்சம் வேகமாக வருகிறோம் போலும்."

போலும்.
அந்த ஒரு சொல்லின் மேல்
நாற்பது டன் இறங்கியிருக்கிறது.

எங்கள் மொழியிலும் மரியாதைக்குப் படிகள் அதிகம்.
"தலைமை மருத்துவர் ஐயா அவர்களே" என்று முடிப்பதற்குள்
ஒரு தமனி அரை டம்ளர் சிந்திவிடும்.
ஆகவே தொப்பிகளில் பேனாவால் பெயர் எழுதினார்கள்.
என் நெற்றிக்கு மேல் லெஹெல்.
இத்தனை வருடம் அந்தப் பெயர்
அறைக்குள் வந்ததே இல்லை,
ஈரக் குடை மாதிரி வாசலிலேயே நின்றிருந்தது.

முதல்முறை தகவலாகச் சொல்,
இரண்டாம் முறை அழுத்திச் சொல்,
மூன்றாம் முறை பெயர் சொல்லி நிறுத்து.
கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும்.
கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன்.
குழந்தைகளுக்கான பாட்டு என்று நினைத்தேன்.

மூன்றாம் வியாழன், மாலை ஆறரை.
டிராம் ஓட்டுநர் ஒருவர், குடல் கிழிந்து.
தைத்தாயிற்று, கழுவியாயிற்று,
மூட வேண்டியதுதான் பாக்கி.

"பதினொன்று" என்றாள் பிரோஷ்கா.
உள்ளே போன பஞ்சுத்துணிகள் பன்னிரண்டு.
"சரியாகத்தான் இருக்கும்" என்றேன்.
"பன்னிரண்டு வர வேண்டும், ஐயா. பதினொன்றுதான்."
நூலை இழுத்தேன்.
"லெஹெல். நிறுத்துங்கள். பதினொன்று."

சுவாசக் கருவி ஒருமுறை பெருமூச்சு விட்டது.
எனக்குக் காது சுட்டது.
அவள் குரல் நடுங்கியது,
எண் நடுங்கவில்லை.

நிறுத்தினேன்.
குடலின் மடிப்பு மடிப்பாக விரலால் தேடினோம்.
குப்பைக் கூடை, மேசைக்கடி, விரிப்புகளின் நடுவே.
எக்ஸ்ரே எடுத்தோம்:
அந்த மனிதரின் முதுகெலும்பு பொறுமையாக நின்றது,
வேறொன்றும் இல்லை.
"தொண்ணூற்றெட்டு" என்று ரத்த அழுத்தம் சொன்னான் ஷோம்போர்.
"தொண்ணூற்றெட்டு" என்றேன்,
என் வாய் எப்போது பழகியது என்று தெரியாமல்.

நாற்பது நிமிடம்.
பிறகு, கூட்ட வந்த ஆள் குனிந்து,
என் இடது காலணியின் அடியிலிருந்து
ஈரமாக அதை உரித்தெடுத்தான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள் பிரோஷ்கா.
நன்றி சொல்லியிருக்க வேண்டிய இடம்.
"இனி காலணியையும் முதலிலேயே பாருங்கள்" என்றேன்,
பாதி அதட்டலாக.

அன்றிரவு பாலத்தில் நடக்கையில் கணக்குப் போட்டேன்.
துணி வயிற்றுக்குள் கிடைத்திருந்தால்
நாளை அவளுக்கு கேக் வெட்டியிருப்பார்கள்.
காலடியில் கிடைத்தது.
அதனால் அடுத்தமுறை
அவள் தொண்டைக்குள் ஒரு எண்
புரண்டு படுத்துக்கொள்ளலாம்.
அது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது.

வெள்ளி காலை. சின்னக் குடலிறக்கம். நான்கே துணி.
ஊசியில் நூல் கோத்தபின்
இரு கைகளையும் உயர்த்தி நின்றேன்.
எனக்கே தெரிந்த கணக்குத்தான்,
ஆனாலும் நின்றேன்.

"நான்கு" என்றாள்.
"நான்கு, பிரோஷ்கா" என்றேன்.
அதுவரை அவளைச் சிஸ்டர் என்றுதான் அழைத்திருக்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
குனிந்து என் காலணியைப் பார்த்தாள்.