வலக்கன்னம் மேற்கே

டிசம்பர். கோடை என்று பெயர்.
புன்டா அரேனாஸின் தெருமுனைகளில்
பிடித்துக்கொண்டு கடக்கக் கயிறு கட்டிவிட்டார்கள்.
இந்தக் காற்றில் முகத்தைக் கொடுத்துப் பிழைப்பவர்
எவாரிஸ்தோ மிகோவிலோவிச்,
நீரிணைப் படகில் வண்டிகளை வரிசைப்படுத்துகிற ஆள்.
அவரிடம் கேட்டேன்:
ஒரு மாதம் உங்கள் முகத்தை இரவல் தருவீர்களா?
இடப்பக்கம் ஆட்டுக்கொழுப்புச் சோப்பு,
வலப்பக்கம் தேங்காயெண்ணெய்ச் சோப்பு.
அவர் தாடையைத் தடவினார்.
"நடுவில் இந்தக் குழிக்கு?"
அதை நான் யோசித்திருக்கவில்லை.

கொழுப்பு பண்ணையிலிருந்து வாளியில் வரும்.
உருக்கி, வடித்து, உப்புநீரில் மறுபடி உருக்கி,
வாடை போகும்வரை சமையலறை எனக்கு இல்லை.
பள்ளியில் என் மகனுக்கு 'மந்தை' என்று பெயர்.
தேங்காயெண்ணெயோ வடக்கிலிருந்து தகர டின்னில்,
மணமாக, மரியாதையாக வரும்.
பிரஷ் பட்டதும் பொங்கும். கிண்ணம் வழியும்.
பொங்கிய வேகத்தில் அடங்கியும் போகும்,
போகிற போக்கில் தோலின் சொந்த எண்ணெயையும்
கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டு.
கொழுப்பின் நுரை அப்படியில்லை.
கட்டித் தயிர்போல் உட்கார்ந்து
தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.
இது என் கட்சி. நோட்டு என்ன சொல்கிறதென்று பார்க்கவேண்டும்.

மூன்றாம் நாள்: இடம் சுகம். வலம் இழுக்கிறது.
சிரித்தால்தான் தெரிகிறது என்கிறார்.
சிரிக்காவிட்டால்?
"படகில் யார் சிரிக்கிறார்கள்?"

எட்டாம் நாள்: வலக்கன்னத்தில் மாவு தூவினாற்போல் செதில்.
மருத்துவமனையில் இரவல் வாங்கிய ஈரமானி
இடத்துக்கு நாற்பத்தொன்று என்றது,
வலத்துக்கு இருபத்தெட்டு.
அன்றிரவே லேபிளுக்கு வாசகம் எழுதிவிட்டேன்.
கொழுப்பு சோப்பில் மட்டும் இல்லை, எனக்கும் ஏறியிருந்தது.

பதினோராம் நாள், அச்சகத்துக்குப் போகுமுன்
ஒரு பேச்சுக்கு அவரோடு படகில் ஏறினேன்.
போகும்போது பார்த்தேன், வலக்கன்னம் மேற்கே.
திரும்பும்போதும்,
படகே திசை மாறியும்,
அவர் இடம் மாறி நின்று, வலக்கன்னம் மேற்கே.
ஏன் என்று கத்தினேன். கேட்கவில்லை.
சுற்றி வந்து மறுபக்கம் நின்று கத்தினேன்.
"அந்தக் காது செத்துப் பல வருடம்.
எப்படியும் கேட்காததைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டேன்.
கேட்பதை மனிதர்களுக்கு வைத்திருக்கிறேன்."

பதினோரு நாளாக நான் அளந்தது
சோப்பையா, காற்றையா?
லேபிள் வாசகத்தை நாலாய் மடித்து
படகின் வாகனக் கட்டணப் பலகைக்குப் பின்னால் செருகினேன்.
தண்ணீரில் போட்டிருக்கலாம்.
காற்று அதை என் முகத்துக்கே திருப்பியிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் சோப்பை மாற்றினோம்.
கொழுப்பு வலத்துக்கு, தேங்காய் இடத்துக்கு.
மூன்று வாரம் கழித்து
வலம் முப்பத்து நான்கு, இடம் முப்பத்தைந்து.
அதாவது ஒன்றுமில்லை.
அல்லது, காற்று தின்றதைக் கொழுப்பு ஈடுகட்டியது.
அல்லது, மூன்றாம் நாளிலிருந்தே
நான் கேட்க விரும்பியதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.
மூன்றையும் எழுதினேன். எதையும் அடிக்கவில்லை.

ஈரமானியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று வாசலில் நின்றார்.
ஒரு விஷயம், உனக்கு உபயோகப்படுமோ என்னவோ, என்றார்.
வலக்கன்னம் எரியுமென்று
இத்தனை வருடம் இடப்பக்கமே படுத்திருக்கிறார்,
கேட்கிற காதைத் தலையணையில் புதைத்து.
போன வாரம் தூக்கத்தில் புரண்டுவிட்டாராம்.
எரியவில்லை. அப்படியே கிடந்தார்.
"நெவென்கா தூக்கத்தில் பேசுகிறாள்.
எல்லாம் விலைவாசி.
வெங்காயம், விறகு, மறுபடி வெங்காயம்.
எப்போதிலிருந்து என்று காலையில் கேட்டேன்.
கல்யாணத்திலிருந்தாம்."

நோட்டில் தேதி இருக்கிறது, ஈரம் இருக்கிறது,
எரிச்சல், இழுவை, செதில், குறிப்பு.
பேனாவை எந்தக் கட்டத்தின்மேல் வைப்பது?

அவர் போகவில்லை. தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.
அந்தக் குழிக்கு
ஒரு மாதமும் எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.
"எது கையில் மிஞ்சியதோ அதை."