வர்க்கி நிறம்

ஏல மையத்தில் பகலெல்லாம்
தேயிலைத் தூளின் விலையை எழுதுகிற கைக்கு
சாயங்காலம் சும்மா இருக்கத் தெரியாது.
நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
தேதி, கிலோமீட்டர், லிட்டர், வகுத்த விடை.
அறுபத்தெட்டாம் வருடத்து ஹெரால்டுக்கு
என்னிடம் உள்ள சரித்திரம் இவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் – சத்தி சாலையில்
முன்பெல்லாம் பதின்மூன்று புள்ளி ஆறு.
இந்தச் சித்திரையில் பன்னிரண்டு புள்ளி ஒன்று.
மூன்று முறை வகுத்தேன்.
பேனாவைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

பங்க்கில் சசிரேகா அளவுக் குழாய் கொண்டுவந்தாள்.
நூறு மில்லி பெட்ரோல், பத்து மில்லி தண்ணீர்.
மூடிக் குலுக்கி
காற்று மெஷின் மேல் நிறுத்தினோம்.
அடியில் தேங்கிய தண்ணீர்
பத்தில் நிற்கவில்லை.
முப்பதுக்குக் கிட்டே போய்க் கோடு போட்டது.
"தண்ணியப் பாத்ததும்
இருபதும் கட்சி மாறிருச்சுக்கா."

பெட்ரோலின் சூட்டில்
மூன்றில் இரண்டு பங்குதான் சாராயத்துக்கு.
நூற்றுக்கு ஏழு குறையலாம், ஒத்துக்கொள்கிறேன்.
பதினொன்று குறைந்திருக்கிறதே,
மீதி நாலை யார் தின்றது?

பெட்போர்டு ஒர்க்‌ஷாப்பில் இன்னாசிமுத்து
பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டினார்.
கீழே போய்த் திரும்பிய பிளக்,
முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
"எரியறது பத்தல, காத்துதான் ஜாஸ்தி.
கார்புரேட்டருக்குக் கணக்குத் தெரியாதும்மா,
ஓட்டை எவ்ளோவோ அவ்ளோதான் ஊத்தும்."
ஜெட்டை ஒரு மயிரளவு பெரிசாகப் போடலாம் என்றார்.
பனி மாசத்தில் டேங்க்கைக் காலியாக வைக்காதீர்கள்,
காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்றார்.
ரப்பர் குழாயைக் காட்டினார்:
மழையில் கிடந்த செருப்பு வார்.
குழாயை மட்டும் மாற்றச் சொன்னேன்.

ஏனென்றால் நோட்டில் அடுத்த பக்கம் வேறு சொல்கிறது.
குன்னூர் – ஊட்டி, ஊட்டி – குன்னூர், ஆறு வாரம்.
முன்பு பன்னிரண்டு,
இப்போது பதினொன்று புள்ளி எட்டு.
லவ்டேல் தாண்டி ஓரங்கட்டி
விரல் சுடச்சுட நானே பிளக்கைக் கழற்றினேன்.
இத்தனை வருடமும் கரி அப்பியே வந்த முனை
பேக்கரித் தட்டில் அடுக்கிய
வர்க்கி நிறத்தில் இருந்தது.
ஏழாயிரம் அடியில் காற்று மெலிசு.
வண்டி எப்போதும் தேவைக்கு மேல் குடித்து
இருமிக்கொண்டே ஏறும்.
இப்போது குடிப்பதே நீர்த்துவிட்டது.
குறையின் மேல் குறை
பொருந்தி உட்கார்ந்திருக்கிறது,
கோணல் கதவுக்குக் கோணல் நிலை.

அதற்காக மலையிலேயே இருந்துவிட முடியுமா?
சத்தியமங்கலத்தில் அக்கா மகுடேஸ்வரி.
மூன்றரை ஏக்கர் கரும்பு.
நாலு வருடம் இழுத்தடித்த பாக்கியை
சாராயம் காய்ச்சத் தொடங்கியபின்
ஆலை தை மாதமே கொடுத்துவிட்டதாம்.
கடன் போக மிஞ்சியதில் மோட்டார் வாங்கினாள்.
"உன்ற வண்டி எப்படி ஓடுது?"
போனில் கேட்கிறாள்.
உன் கரும்பு லிட்டருக்கு
ஒன்றரை கிலோமீட்டரைத் தின்றுவிட்டது என்று
அக்காவிடம் எப்படிச் சொல்ல?

போன ஞாயிறு இறங்கினேன்.
பர்லியாறு வரை முனகலில்லை.
கல்லாறு பாலம் தாண்டி
பாக்குத் தோப்பு முடிந்து
வெயில் கண்ணாடியில் அடித்ததும்
விக்க ஆரம்பித்தது.
சோக் குமிழை அரை விரல் இழுத்தேன்.
விக்கல் நின்றது.
இதுவும் பெட்ரோல் செலவுதான்.
நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால்
'கல்லாறு முதல், அரை விரல்' என்று எழுதினேன்.
அன்று வகுக்கவில்லை.

அக்கா வீட்டு முன்னால் நிறுத்தியதும்
மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
புகைக்குழாய்க்கு அருகில் குந்தினார்.
இரண்டு முறை மோந்து பார்த்தார்.
"நம்ம தோட்டத்து வாசமே இல்லியே"
என்றார், குறையாக.