நாற்பத்தொரு வரிகள்

வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தொரு வரிகள் வேண்டுமாம்.
மென்பொருள்களை இறக்கி, ஏற்றி, அடுக்கிவைக்கும்
மென்பொருள் ஒன்று புதிய பதிப்பாக வருகிறது.
அது தமிழில் பேசும் நாலு வார்த்தைக்கு
விருதம்பட்டு மாடி அறையில் நான்தான் பொறுப்பு.
சித்திரை வெயில் சுவரைவிட்டு இறங்க
இரவு பதினொன்றாகும்.

"துட்டு இன்னா குடுக்கறாங்க?"
"ஒண்ணும் இல்ல."
"அப்புறம் இன்னாத்துக்கு?"
கேட்டுவிட்டு பெமிலா நைட் டியூட்டிக்குப் போய்விட்டாள்.
பதில் எனக்கும் இன்னும் இறங்கி முடியவில்லை.

பொதி என்று முதன்முதலில் எழுதியபோது
கழுதை எங்கே என்று கேட்டார் ஒருவர்.
சிப்பம் என்றேன். நெல்லா, சிமெண்டா என்றார்.
பொதியே இருக்கட்டும் என்று விட்டேன்.
ஏழு வருடமாகச் சுமக்கிறது.

பகலில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பில் போடுகிறேன்.
அந்தத் தெருவில் லாட்ஜும் மருந்துக்கடையும்
வங்காள எழுத்தில் கூப்பிடும்.
மால்டாவிலிருந்து வந்தவருக்கு
'வெறும் வயிற்றில்' என்பதைச் சொல்ல
கரும்புச்சாறு முனிரத்தினத்தைத்தான் அழைப்போம்.
அவர் பேசுவதில் வினைச்சொல் ஒன்றுகூடச் சரியில்லையாம்.
இதுவரை யாரும் சாப்பிட்டுவிட்டு வந்ததில்லை.

பதினேழாவது வரி.
எந்த மென்பொருளும் இனித் தேவையென்று கேட்காத பொதிகளைப்
புதிய பதிப்பு தானே தேடிப் பெருக்கித் தள்ளும்.
ஆங்கிலம் அவற்றை அநாதைகள் என்கிறது.
அப்படியே எழுதினேன்.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
வந்து, கேட்பாரற்றவை என்று மாற்றினேன்.
அதுவும் லேசாக இல்லை.

பழைய பதிப்பு ஒன்றை ஏற்ற மறுத்தால்
'முடியாது' என்று மட்டும் சொல்லும், தாலுகா ஆபீஸ் மாதிரி.
இப்போது காரணம் சொல்கிறது:
இது வேண்டுமென்றால் அது வேண்டும்,
அது வந்தால் இருக்கிற ஒன்று போக வேண்டும்,
போகிறதை நம்பி இன்னும் மூன்று இருப்பதால்
முடியாது.
நமக்கு வினை கடைசியில்தானே வரும்.
அந்தச் சொல் வந்து சேர்வதற்குள்
எல்லாக் காரணத்தையும் கேட்டு முடித்திருப்போம்.
இந்த ஒரு வரியில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் கொஞ்சம் இதம்.

பேரணாம்பட்டிலிருந்து இம்தாத் எழுதியிருந்தார்:
மேடம், 'நீக்கவா?' என்று கேட்க வேண்டிய இடத்தில்
இரண்டு வருடமாக இது 'நீங்கவா?' என்கிறது.
பள்ளிக்கூடக் கணினி. பிள்ளைகள் திரையைப் பார்த்து
"இரு, இரு, போவாத" என்கிறார்கள்.
ஒரு க்-கை ங்-ஆக அடித்தது நான்தான்.
திருத்திவிட்டேன்.
மாற்றங்களின் பட்டியலில் அது
'சிறு பிழைகள் களையப்பட்டன' என்பதற்குள் எங்கேயோ கிடக்கும்.
பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள், தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு என் பழைய மேசைக் கணினியில்
ஏற்றிப் பார்த்தேன்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
முன்பென்றால் அரைவேக்காட்டுச் சோறு,
வடிக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது.
இருட்டில் கழுத்து வியர்க்க உட்கார்ந்திருந்தேன்.
காட்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ்
எண்ணி முடியாத அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கரண்ட் வந்ததும் கேட்டது:
விட்ட இடத்திலிருந்து தொடரவா? ஆ / இ

ஆங்கிலத்தில் எது பெரிய எழுத்தோ
எண்டர் தட்டினால் அதுதான் நடக்கும்.
நம்மிடம் பெரிய எழுத்து ஏது?
ஆவும் இயும் ஒரே உயரம்.
அடிக்கோடாவது போடுங்கள் என்று
நான் நச்சரித்து வாங்கியது இந்தப் பதிப்பில் இருக்கிறது.
இன்னொன்றும்:
ஏழு வருடம் கேள்வியைத் தமிழில் கேட்டுவிட்டு
பதிலுக்கு 'ஒய்' அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது.
இனி வேண்டாம்.

டாக்டர் டார்ச்சோடு குனியும்போது
எந்த ஊர் வாயிலிருந்தும் வருகிற அதே எழுத்து.
தட்டினேன்.

அறுபத்துமூன்று.